மஹாராணியின் நினைவுகளும் சில சந்தேகங்களும்

ஜெய்ப்பூர் ராஜமாதா காயத்ரி தேவி எழுதிய "எ பிரின்ஸஸ் ரிமெம்பர்ஸ்" என்ற சுயசரிதை 1976-ல் வெளிவந்தது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் அதற்கு மவுசு குறையவில்லை. ஜெய்ப்பூருக்கு யாத்திரை போகும் நம்மவர்களில் பலர் ஆம்பேர் கோட்டையையும் ஹவா மஹலையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது இந்தப் புத்தகத்தையும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். படித்து முடித்ததும் அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றேதான்: "என்ன வாழ்க்கை! என்ன அழகு! அந்தக் காலமே போய்விட்டதே!"

புத்தகம் அப்படித்தான் சொல்ல வைக்கும். நன்றாக எழுதப்பட்ட புத்தகம். ஆனால் சரித்திரம் என்று எடுத்துக்கொண்டு படிக்கிறவனுக்குப் பக்கத்துக்குப் பக்கம் சில கேள்விகள் எழும்பத்தான் செய்கின்றன. அந்தக் கேள்விகளில் சிலவற்றை நம் அங்கத்தினர்கள் முன்பு வைக்க விரும்புகிறேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கதையில் பரோடா வருகிறது, ஜெய்ப்பூர் வருகிறது, ராஜாஜி வருகிறார். இந்த மூன்று இடத்திலும் நம்மவர்களுக்குப் பங்கு இருக்கிறது. பெருமைப்பட மட்டுமல்ல, யோசித்துப் பார்க்கவும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். இந்த நூலின் அட்டையில் இரண்டு பெயர்கள் உண்டு. இரண்டாவது பெயர் சாந்தா ராமராவ். 1923-ல் சென்னையில் பிறந்தவர். ரிசர்வ் வங்கியின் கவர்னராக இருந்த ஸர் பெனகல் ராமராவின் புதல்வி. அமெரிக்காவில் வாழ்ந்து, ஆங்கில எழுத்தில் பெயர் வாங்கியவர். "எ பாஸேஜ் டு இந்தியா" நாவலை மேடை நாடகமாக்கியவரும் இவரே. ஆக, நினைவுகள் மஹாராணியுடையவை, நடை கைதேர்ந்த ஓர் எழுத்தாளரின் துணையோடு அமைந்தது. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அரண்மனை, அந்தப்புரம், யானை, வேட்டை என்று ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லும் முறையைப் பார்த்தால், எதிரே உட்கார்ந்து கேட்பவர் மேல்நாட்டு வாசகர் என்பது புரிந்துவிடும். ஜெய்ப்பூர் ராஜ்யத்து விவசாயி எதிரே உட்கார்ந்திருந்தால் இதே கதை வேறு மாதிரி சொல்லப்பட்டிருக்கும் அல்லவா?

காயத்ரி தேவியின் குடும்பத்தில் சுயசரிதை எழுதியவர் அவர் முதல்வர் அல்லர். அவருடைய தந்தைவழிப் பாட்டி, கூச்பிஹார் மஹாராணி சுநீதி தேவி, 1921-லேயே "தி ஆட்டோபயாகிரஃபி ஆஃப் அன் இண்டியன் பிரின்ஸஸ்" என்று ஒரு நூல் எழுதினார். ராஜகுடும்பத்து நினைவு நூல்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பாட்டியின் நூல் நல்ல பாடம்.

சுநீதி தேவி யார்? பிரம்ம ஸமாஜத்தின் பெருந்தலைவர் கேசவ சந்திர ஸேனின் மகள். பால்ய விவாகத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர் கேசவர். 1872-ல் வந்த விவாகச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவரே அவர்தான். பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது, பிள்ளைக்கு 18 வயது என்று வைத்த சட்டம் அது. அதே கேசவர் 1878 மார்ச்சில் தம் மகளைக் கூச்பிஹார் இளம் மன்னருக்குக் கன்னிகாதானம் செய்து கொடுத்தார். மகளுக்கு அப்போது 14 நிறையவில்லை. மாப்பிள்ளைக்கு 15 வயது. தெய்வத்தின் ஆணை என்று கேசவர் காரணம் சொன்னார். சிஷ்யர்கள் ஏற்கவில்லை. ஸமாஜம் இரண்டாக உடைந்தது. அதே வருஷம் மே மாதம் சாதாரண பிரம்ம ஸமாஜம் என்ற தனி அமைப்பே உருவாகிவிட்டது. வங்காளத்தின் சமூக சரித்திரத்தில் இது சாமானிய நிகழ்ச்சி அல்ல.

43 வருஷம் கழித்து மகள் புத்தகம் எழுதும்போது என்ன செய்கிறார்? தந்தையின் பக்கம் நிற்கிறார். வேறென்ன செய்ய முடியும்? அந்தக் கல்யாணத்தின் நியாயத்தைக் கேள்வி கேட்டால் தம் வாழ்க்கையையே அல்லவா கேள்வி கேட்டதாகும்! அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் காட்சிதான் தெரியும். பேத்தியின் நூலையும் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் புரட்ட வேண்டும்.

தாய்வழிக் கதை இன்னும் சுவாரஸ்யம். தாயார் இந்திரா ராஜே, பரோடா மஹாராஜா மூன்றாம் ஸயாஜிராவ் கெய்க்வாடின் ஒரே மகள். குவாலியர் ஸிந்தியாவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அதை முறித்துக்கொண்டு, 1913-ல் லண்டனில் கூச்பிஹார் இளவரசர் ஜிதேந்திர நாராயணனைக் கைப்பிடித்தார். பெற்றோர் கல்யாணத்துக்கு வரவில்லை. இந்தப் பகுதி புத்தகத்தில் நாவல் போல ஓடுகிறது.

அந்த ஸயாஜிராவை உருவாக்கியது யார் என்று பார்த்தால் நமக்கு ஒரு தெரிந்த முகம் தென்படும். நாஸிக்குக்கு அருகே கவ்லானா என்ற கிராமத்தில் வளர்ந்த, எழுதப் படிக்கத் தெரியாத பன்னிரண்டு வயதுப் பையனை 1875-ல் ஸ்வீகாரம் எடுத்துப் பரோடா கதியில் உட்கார வைத்தார்கள். பையன் வளரும்வரை ராஜ்யத்தைத் தாங்கியவர் கும்பகோணத்தில் பிறந்த ராஜா ஸர் டி. மாதவராவ். தஞ்சாவூர் மராத்தி பிராம்மணர். திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்துவிட்டுப் பரோடாவுக்கு வந்தவர். இளம் மன்னருக்கு ராஜநீதியைப் பாடமாகவே நடத்தினார். கட்டாய ஆரம்பக் கல்வி முதலான ஸயாஜிராவின் பிற்காலச் சீர்திருத்தங்களுக்கு அஸ்திவாரம் அங்கேதான் போடப்பட்டது.

அதற்கு அரை நூற்றாண்டு பிறகு, 1927-ல், அதே ஸயாஜிராவுக்குத் திவானாக வந்தவர் ஸர் வி.டி. கிருஷ்ணமாச்சாரி. கரூர்ப் பக்கம் வாங்கல் கிராமத்தவர். 1944 வரை பரோடாவில் இருந்தார். 1946-ல் ஜெய்ப்பூருக்குப் பிரதம மந்திரியாகப் போனார். அதாவது காயத்ரி தேவியின் தாத்தாவுக்கும் கணவருக்கும் ராஜ்ய பாரம் சுமந்தவர் ஒரே மனிதர்தான். ராஜ்யங்களின் கதையை அரண்மனை ஜன்னல் வழியாகப் பார்ப்பதற்கும் கச்சேரி மேஜையிலிருந்து பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மஹாராணியின் புத்தகத்தை மூடிவைத்த பிறகு நம் மனதில் நிற்பது போலோ மைதானமும் புலி வேட்டையும் லண்டன் வசந்த காலமும்தான். கச்சேரி மேஜை எங்கோ மங்கலாகப் பின்னால் இருக்கிறது.

வேட்டை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கூச்பிஹார் தாத்தா நிருபேந்திர நாராயணன் தம் 37 வருஷ வேட்டையைப் பற்றி 1908-ல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். 365 புலி, 311 சிறுத்தை, 207 காண்டாமிருகம் என்று கணக்கு உண்டு. பேத்தியும் பன்னிரண்டு வயதில் முதல் சிறுத்தையைச் சுட்டதைப் பெருமையோடு நினைவுகூர்கிறார். எந்த விஷயத்தில் அக்கறையோ அந்த விஷயத்தில் கணக்கு சுத்தமாக இருக்கும் போலிருக்கிறது.

இனி ஜெய்ப்பூருக்கு வருவோம். 1940-ல் மஹாராஜா ஸவாய் மான்ஸிங்குக்கு மூன்றாவது ராணியாக அவர் அங்கே அடியெடுத்து வைத்தார். புத்தகத்தின் வழியே நாம் காணும் ஜெய்ப்பூர் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். மன்னர் காரில் போனால் ஜனங்கள் ஆசையோடு சூழ்ந்துகொள்வார்கள். எவரும் அவரிடம் நேரே குறை சொல்லலாம். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இப்படி ஒரு சித்திரம்.

இந்தச் சித்திரத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மான்ஸிங்கின் மீது ஊராருக்குப் பிரியம் இருந்தது வாஸ்தவம். ஆனால் அவர் மணமகளை அழைத்து வருவதற்கு இரண்டே வருஷம் முன்பு அதே ராஜ்யத்தில் நடந்தது என்ன?

1938-ல் சீகர் தாலுக்காவில் ஜாகீர்தாருக்கும் தர்பாருக்கும் மூண்ட தகராறு பெரும் கிளர்ச்சியாயிற்று. அதே வருஷம் ஜெய்ப்பூர் பிரஜா மண்டலத்துக்குத் தலைவரானவர் ஸேட் ஜம்னாலால் பஜாஜ். காந்திஜியின் ஐந்தாவது புத்திரர் போல இருந்தவர். பிறந்தது சீகருக்குப் பக்கத்துக் கிராமம், அதாவது ஜெய்ப்பூர் ராஜ்யத்துப் பிரஜை. டிசம்பர் மாதம் பஞ்ச நிவாரண வேலைக்காக அவர் சொந்த ராஜ்யத்துக்குள் நுழையப் போனபோது, உள்ளே வரக்கூடாது என்று தர்பார் தடை போட்டது. அப்போது பிரதம மந்திரி பீச்சம் ஸெயிண்ட் ஜான் என்ற ஆங்கிலேயர். பஜாஜ் தடையை மீறினார். 1939 பிப்ரவரியில் காவலில் வைத்தார்கள். ஆகஸ்டில்தான் விட்டார்கள். ஸத்யாக்ரஹம் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். காந்திஜி "ஹரிஜன்" பத்திரிகையில் ஜெய்ப்பூரைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதினார்.

மன்னருக்கு 1931 முதலே முழு அதிகாரம் இருந்தது. ஆகவே வெள்ளைக்காரப் பிரதம மந்திரி மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. எவரும் மன்னரிடம் நேரே குறை சொல்லலாம் என்றால், பஞ்சத்துக்கு நிவாரணம் கொண்டுவந்தவரை எல்லையில் ஏன் நிறுத்தினார்கள்? குடும்பம் என்ற உவமையை நான் நம்பத் தயங்குவது இந்த இடத்தில்தான். குடும்பத் தலைவரைப் பற்றிய அபிப்பிராயம் குழந்தைகளிடம் கேட்டு எழுதப்படவில்லை.

1942-ல் மைசூரிலிருந்து ஸர் மிர்ஸா இஸ்மாயில் பிரதம மந்திரியாக வந்த பிறகு காற்று மாறியது. பெங்களூர் அங்கத்தினர்களுக்கு இவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பிரஜா மண்டலத் தலைவர் ஹீராலால் சாஸ்திரியோடு இவர் செய்துகொண்ட உடன்பாட்டால், "வெள்ளையனே வெளியேறு" காலத்தில் ஜெய்ப்பூர் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. அதை ஏற்காத பாபா ஹரிச்சந்திரர் முதலியவர்கள் ஆஜாத் மோர்ச்சா என்று தனியே கிளம்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1945-ல் இரண்டு சபைகள் கொண்ட சட்டமன்ற அமைப்பு வந்தது. இன்றும் ஜெய்ப்பூரின் பெரிய கடைவீதி எம்.ஐ. ரோடு, மிர்ஸா இஸ்மாயிலின் பெயர்தான். அவரும் 1954-ல் "மை பப்ளிக் லைஃப்" என்று நினைவு நூல் எழுதினார். ஒரே ஊரைப் பற்றி மஹாராணி எழுதியதையும் மிர்ஸா எழுதியதையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் ஒரே ஊர்தானா என்று சந்தேகம் வரும்.

மிர்ஸாவுக்குப் பின் வி.டி.கே. 1947 ஏப்ரல் 28-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் முதன்முதலாக வந்து அமர்ந்த ஸமஸ்தானப் பிரதிநிதிகளில் ஜெய்ப்பூர் சார்பில் அவர் இருந்தார். மற்ற பல ராஜாக்கள் மதில்மேல் பூனையாக இருந்த நேரம் அது. ஜூலையில் அந்தச் சபையின் உபதலைவர்களில் ஒருவராகவும் ஆனார். 1949 மார்ச் 30-ல் ஸர்தார் படேல் பெரிய ராஜஸ்தானைத் தொடங்கி வைத்தபோது ஜெய்ப்பூர் தலைநகரம், மான்ஸிங் ராஜப்பிரமுகர், சாஸ்திரி முதல் மந்திரி. இவ்வளவு பெரிய மாறுதல் ரத்தம் சிந்தாமல் நடந்ததில் மன்னருக்கும் பங்குண்டு. அவருக்கு யோசனை சொன்னவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பது வேறு நூல்களில் தேட வேண்டிய விஷயம்.

இங்கே நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். நம் பத்திரிகைகளில் திவான்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் மாதவராவ், சேஷாத்ரி ஐயர், ஸி.பி., வி.டி.கே. என்று வரிசையாகப் புகழ் பாடுகிறோம். தகுதி உள்ளவர்கள்தான். ஆனால் அரண்மனைச் செலவுக்கும் ராஜ்யத்தின் செலவுக்கும் நடுவே கோடு கிழிப்பதுதான் எந்தத் திவானுக்கும் இருந்த பெரிய தலைவலி. 1933-ல் ஜெய்ப்பூர் போலோ அணி இங்கிலாந்து போய்க் கோப்பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது. குதிரைகளும் அதற்கான ஆட்களும் கடல் கடந்து போனது எந்தப் பணத்தில்? வரி வசூல் செய்து கஜானாவை நிரப்பி வைத்தவர்கள் ராஜ்யத்து அதிகாரிகள்தான். மஹாராணியின் நூலில் கணக்கு இல்லையே என்று குறை சொல்லும் நாம், திவான் புகழ் பாடும் நம் கட்டுரைகளில் அந்தக் கணக்கைக் கேட்டதுண்டா?

அந்தப்புர விஷயம் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. மான்ஸிங்கின் மூத்த இரு ராணிகளும் ஜோத்பூர் ராஜகுமாரிகள். அவர்கள் உறவுமுறை அத்தையும் மருமகளும். மூத்தவர் மருதர் கன்வர். 1924-ல் கல்யாணம் நடந்தபோது மன்னருக்கு வயது பன்னிரண்டுக்கு மேல் இல்லை, மணப்பெண் அவரைவிடப் பல வயது பெரியவர். இளையவர் கிஷோர் கன்வரின் கல்யாணம் 1932-ல். இருவரும் ராஜபுத்திர வழக்கப்படி திரைக்குப் பின்னால் வாழ்ந்தவர்கள். மூன்றாவதாக வந்தவரோ ஐரோப்பாவில் படித்தவர், டென்னிஸ் ஆடுகிறவர், கார் ஓட்டுகிறவர்.

மூவரும் ஒற்றுமையாக இருந்தோம், எனக்கு எந்தக் கசப்பும் காட்டவில்லை என்று காயத்ரி தேவி எழுதுகிறார். இளைய ராணியைப் பற்றி அன்போடுதான் எழுதுகிறார். இருக்கலாம். பல மனைவியர் என்பது அந்தக் குலத்தில் புதிதல்லவே. ஆனால் மருதர் கன்வர் 1944-ல் காலமானார், கிஷோர் கன்வர் 1958-ல் காலமானார். இருவரும் புத்தகம் எழுதவில்லை. புத்தகம் எழுதியவர் ஒருவரே. நூற்றுக்கணக்கான பெண்கள் வாழ்ந்த ஜனானாவின் கதையை, அதில் முழுசாக அடைபடாத ஒருவரின் வாய்மொழியாகத்தான் நாம் கேட்கிறோம். ராம்பாக் அரண்மனைத் தோட்டத்தில் அவர் சைக்கிள் ஓட்டிய அதே காலத்தில் நகர அரண்மனையில் மற்றவர்களுக்குப் பொழுது எப்படிப் போயிற்று?

அவர் செய்த நல்ல காரியத்தை மறைக்கக் கூடாது. 1943-ல் பெண்களுக்காகப் பள்ளி ஒன்று தொடங்கினார். கோஷாவில் இருந்த ராஜபுத்திரக் குடும்பங்களிலிருந்து பெண்களை வெளியே வரவழைத்துப் பாடம் படிக்க வைப்பது அந்த ஊரில் சுலபமாக இருந்திருக்காது. எம்.ஜி.டி. என்று இன்று நாடறிந்த பள்ளி அது. இந்தப் பகுதியில் நூலாசிரியை சொல்வதற்கு எனக்கு எதிர்ச்சொல் இல்லை.

ராஜாஜி வரும் பகுதிக்கு வருகிறேன். 1959-ல், 80 வயதில், ராஜாஜி ஸ்வதந்திரா கட்சியைத் தொடங்கினார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யத்துக்கு எதிராக ஒரு கட்சி. காயத்ரி தேவி 1961-ல் அதில் சேர்ந்தார். 1962 தேர்தலில் ஜெய்ப்பூர் தொகுதியில் பதிவான 2,46,516 ஓட்டில் அவருக்கு விழுந்தது 1,92,909. உலக சாதனை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. பிறகு 1967, 1971 தேர்தல்களிலும் அங்கே ஜெயித்தார்.

இந்தத் தேர்தல் அத்தியாயங்களைப் படிக்கும்போது எனக்கு நூலாசிரியை மேல் மதிப்பு கூடியது. கொச்சை ஹிந்தியில் பேசியது, ஜீப்பில் புழுதி பறக்கக் கிராமம் கிராமமாகப் போனது, இத்தனை வருஷம் இதே ராஜ்யத்தில் ராணியாக இருந்தும் கிராமத்து வாழ்க்கை தமக்குத் தெரியாமல் போனது என்றெல்லாம் ஒளிக்காமல் எழுதுகிறார். முன்பாதியில் சொன்ன "பெரிய குடும்பம்" என்ற வாதத்தைப் பின்பாதியில் அவரே தம்மை அறியாமல் அசைத்துவிடுகிறார்!

ஆனால் அந்த ஓட்டுகள் எதற்கு விழுந்தன? ராஜாஜியின் பொருளாதாரக் கொள்கைக்கா? லைசென்ஸ் முறையைப் பற்றி ஜெய்ப்பூர் கிராமத்துப் பெண்மணிக்கு என்ன கவலை? தங்கள் மஹாராணி வாசலுக்கு வந்து கேட்டார், போட்டார்கள். ஸ்வதந்திரா கட்சியின் மேதாவிகள் பம்பாயிலும் சென்னையிலும் இருந்தார்கள். ஓட்டுகள் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஒரிஸ்ஸாவிலும் பழைய ராஜாக்கள், ஜாகீர்தார்கள், பெரும் நிலக்காரர்கள் கையில் இருந்தன. 1962-ல் 18 லோக்சபை இடம், 1967-ல் 44, 1971-ல் 8. ஓட்டு ராஜாவுடையதாக இருந்தால் ராஜா போகும் பக்கம் ஓட்டும் போகும். சுதந்திரச் சந்தை பற்றி ராஜாஜி எழுதிய கட்டுரைகளைப் படித்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் கசப்பான மாத்திரை. ராஜாஜிக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. கிடைத்த துடுப்பை வைத்துத்தானே ஓடம் விட வேண்டும்!

காங்கிரஸ் மட்டும் என்ன? தம்மைக் காங்கிரஸ் வேட்பாளராக நிற்கச் சொல்லி முதல் மந்திரி மோஹன்லால் ஸுகாடியாவே முன்பு கேட்டு வந்ததாகக் காயத்ரி தேவி எழுதுகிறார். இதை நான் சந்தேகிக்கவில்லை. ஏனென்றால் குவாலியர் மஹாராணி விஜயராஜே ஸிந்தியா 1957-ல் காங்கிரஸ் டிக்கெட்டில்தான் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். ராஜாக்கள் தம் பக்கம் நின்றால் ஜனநாயகம், எதிர்ப்பக்கம் நின்றால் நிலப்பிரபுத்துவம்.

1967 விவகாரம் தனிக் கதை. ராஜஸ்தான் சட்டசபையில் 184-ல் 89 இடம்தான் காங்கிரசுக்கு. எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து உரிமை கோரியும் கவர்னர் ஸம்பூர்ணானந்தர் ஸுகாடியாவையே கூப்பிட்டார். ஜெய்ப்பூரில் கலவரம், துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம். மார்ச்சில் ஜனாதிபதி ஆட்சி, ஏப்ரல் கடைசியில் மறுபடி ஸுகாடியா. இடையில் எத்தனை பேர் பக்கம் மாறினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதைப் பற்றி நூல் சொல்வது ஒரு கட்சிக்காரரின் கூற்றுதான் என்றாலும், பத்திரிகைகளில் பதிவான நிகழ்ச்சிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறது. அதே தேர்தலில் மால்புரா சட்டசபைத் தொகுதியில் மஹாராணி தோற்றார் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடவில்லை.

மன்னர் மானியத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. ஜெய்ப்பூருக்கு வருஷம் ரூ.18 லட்சம். ஒப்பந்தத்தில் எழுதி, அரசியல் சட்டத்தின் 291, 362-ஆம் பிரிவுகளில் பொறித்த வாக்குறுதி. 1970 செப்டம்பரில் ஒழிப்பு மசோதா ராஜ்ய சபையில் ஒரு ஓட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தோற்றது. 149-க்கு 75. உடனே ஜனாதிபதி உத்தரவு ஒன்று போட்டு ராஜாக்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள். டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவைச் செல்லாது என்றது. 1971 டிசம்பரில் 26-ஆவது திருத்தத்தால் எல்லாம் முடிந்தது. வாக்குக் கொடுத்தது சர்க்கார், மீறியதும் சர்க்கார் என்ற அவர் மனக்குறை நியாயமானதே. ஆனால் மானியத்தைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. 1949-ல் எது ராஜ்யச் சொத்து, எது மன்னரின் சொந்தச் சொத்து என்று பிரித்தார்களே, அந்தப் பட்டியலில் அரண்மனைகளும் கோட்டைகளும் எந்தப் பக்கம் எதற்காகச் சேர்ந்தன? ராம்பாக் 1957-ல் ஹோட்டலானதைத் தம் வீடு பறிபோன துக்கமாக மஹாராணி விவரிக்கிறார். ஜெய்ப்பூர் வரிகொடுத்தவன் அதை வேறு மாதிரி நினைக்கலாம்.

கடைசியில் திகார். 1975 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் அரண்மனைகளில் வருமான வரிச் சோதனை. மோதி டூங்ரியில் தங்கம் அகப்பட்டது. ஜூன் 25-ல் அவசர நிலை. ஜூலை 30-ல் காயத்ரி தேவியையும், 1971 யுத்தத்தில் மஹாவீர் சக்ரம் பெற்ற மூத்தாள் மகன் பவானி ஸிங்கையும் அன்னியச் செலாவணி, கடத்தல் தடுப்புச் சட்டத்தில் பிடித்துத் திகார் சிறையில் வைத்தார்கள். 1976 ஜனவரியில்தான் அவர் வெளியே வந்தார். இன்று கிடைக்கும் பதிப்புகளில் இந்தப் பகுதி இருக்கிறது.

பணக்கார ராணி, வீட்டில் தங்கம், சிறை. பாமரக் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு உண்டா? ஆகவே இந்த இடத்தில்தான் நான் மிகவும் சந்தேகத்தோடு படித்தேன். ஆனால் இங்கேதான் வெளிச் சாட்சியங்கள் அவர் பக்கம் சேர்கின்றன. தங்கம் வைத்திருந்தது குற்றம் என்றால் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். விசாரணையில்லாக் காவல் எதற்கு? 1977-ல் அமைந்த ஷா கமிஷன் இந்தக் காவலையும் தன் விசாரணையில் எடுத்துக்கொண்டது. அதே சிறையில் அடைக்கப்பட்ட விஜயராஜே ஸிந்தியா, 1985-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் தனியே அந்த நாட்களை விவரிக்கிறார். அரசியலில் இருவரும் ஒரே கட்சி அல்ல, ஒரே குணமும் அல்ல. இருந்தும் திகாரின் நாற்றமும் ஈயும் கூச்சலும் இரண்டு புத்தகத்திலும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. கைதிப் பெண்களோடு கூடவே சிறையில் வளர்ந்த குழந்தைகளைப் பற்றிக் காயத்ரி தேவி எழுதும் சில பக்கங்களில் அரண்மனை வாசனையே இல்லை.

ஜெய்கட் கோட்டைப் புதையலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜெய்ப்பூர் வழிகாட்டிகள் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். 1976 ஜூன் முதல் நவம்பர் வரை சர்க்கார் அந்தக் கோட்டையைத் தோண்டிப் பார்த்தது. ராணுவப் பொறியாளர்கள் கூட வந்தார்கள். பாகிஸ்தான் பிரதமர் புட்டோ, கிடைப்பதில் தங்கள் நாட்டுக்கும் பங்கு வேண்டுமென்று கடிதமே எழுதிவிட்டார். கதையில் வரும் மலைமலையான தங்கம் கிடைக்கவில்லை. கொஞ்சம் வெள்ளி கிடைத்தது. லாரி லாரியாக டில்லிக்குப் போனது என்று இன்றும் சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மஹாராணியின் நினைவுகளைச் சந்தேகிக்கிறவர்கள் இந்த லாரிகளையும் அதே கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

காயத்ரி தேவி 2009 ஜூலை 29-ஆம் தேதி தமது 90-ஆவது வயதில் ஜெய்ப்பூரில் காலமானார். அவருடைய புத்தகம் அச்சில் இருக்கிறது. ஜெய்ப்பூர் போகும் அங்கத்தினர்கள் அதை வாங்கட்டும், நிச்சயம் படிக்கட்டும். மிர்ஸா இஸ்மாயிலின் நூலும் ஏதாவது பழைய நூல்நிலையத்தில் அகப்பட்டால் அதை முதலில் படித்துவிட்டு இதை எடுங்கள் என்பது என் யோசனை. வி.டி.கே. தம் ஜெய்ப்பூர் நாட்களைப் பற்றி ஏதாவது கடிதமோ குறிப்போ விட்டுச் சென்றது யாரிடமாவது இருந்தால், அடுத்த இதழுக்கே அனுப்பலாம்.